கோழிக்குச் சோலார் மின்வேலி: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

நாட்டுக்கோழியை மேயவிட்டு வளர்ப்பவர்களுக்குச் சந்தையில் இரண்டு வகைச் சரக்கு கிடைக்கிறது. ஒன்று, வயல்காரர்களுக்கு விற்கும் அதே சோலார் வேலி செட். எனர்ஜைசர் பெட்டி (கம்பிக்கு ஷாக்கை அனுப்புவது இதுதான்), பேனல், பேட்டரி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி, இன்சுலேட்டர், ஒரு சைரன் எல்லாம் சேர்ந்தது. இன்னொன்று பிளாஸ்டிக் கால்களோடு பாய் மாதிரி சுருட்டி வரும் மின்வலை. இது கோழிக்கென்றே செய்தது. நாமக்கல் முட்டைப் பண்ணைக்கும் பல்லடம் கறிக்கோழிக் கொட்டகைக்கும் இரண்டும் வேண்டாம். தோப்பிலும் மேட்டுக்காட்டிலும் திறந்துவிடும் சிறுவிடை, பெருவிடை, அசில் கோழிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏற்கெனவே செயின் லிங்க் (பின்னல் கம்பி வலை) வேலி நிற்கிற பண்ணையில், அதன் வெளிப்பக்கம் மூன்று வரிசை மின்கம்பி ஓட்டுவதுதான் போட்ட காசுக்குச் சரியாக உழைக்கும். சுருட்டு வலை, இடம் மாற்றி மாற்றி மேய்ப்பவருக்கு மட்டும். வயல் வேலி செட்டை அப்படியே வாங்கிக் கோழியைச் சுற்றிக் கட்டுவது வீண். காட்டுப்பன்றிக்கும் மாட்டுக்கும் கணக்குப் போட்ட வேலி அது. அடிக்கம்பி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஓடினால் கீரிப்பிள்ளை குனியக்கூட வேண்டியதில்லை. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் போடும் 5, 7, 10 வரிசை வேலிகளும் பயிர்க் காவலுக்கு வந்தவையே. மானியத்தில் போட்டவர்கள் அதோடு நின்றுவிடாமல், கோழி இருக்கும் பகுதிக்கு மட்டும் அடியில் இரண்டு வரிசை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்க வருபவர்கள் எல்லாருடைய கண்ணும் பெட்டிமேல்தான் இருக்கும். பெட்டி முக்கியம்தான். ஆனால் கோழி போன பண்ணைகளில் போய்ப் பார்த்தால் பெட்டி ஒழுங்காக டிக் டிக் என்று அடித்துக்கொண்டுதான் இருக்கும். கோட்டை விட்டது எர்த்திலும் அடிக்கம்பியிலும்.

ஷாக் எப்படி அடிக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். பெட்டி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. அழுத்தம் 5,000 முதல் 9,000 வோல்ட். ஆனால் ஒரு துடிப்பு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சர்வதேசத் தரம் 60335-2-76 சொல்வது இது: இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு விநாடியாவது இடைவெளி, ஒரு துடிப்பு 10 மில்லி விநாடிக்கு மேல் நீளக்கூடாது, 500 ஓம் மின்தடையைச் சுமையாகக் கட்டி அளந்தால் ஒரு துடிப்பில் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் வெளியே வரக்கூடாது. இந்தியாவில் இதற்கு ஈடான தரம் ஐ.எஸ். 302-2-76. அந்தத் துடிப்பு கம்பியிலிருந்து நாயின் மூக்கு வழியாகக் காலுக்கு இறங்கி, மண் வழியாக ஓடி, மண்ணில் அடித்திருக்கும் எர்த் ராடைப் பிடித்து மறுபடி பெட்டிக்கு வந்து சேர வேண்டும். வட்டம் முடிந்தால்தான் ஷாக். கம்பிமேல் உட்கார்ந்த காக்காய் சும்மா இருப்பது அதனால்தான். மண் காய்ந்து கிடந்தால் நாயும் கம்பிமேல் உட்கார்ந்த காக்காய் மாதிரிதான்.

கோழிக்கும் இந்த வேலி பெரிதாக உறைக்காது. இறகு நல்ல இன்சுலேட்டர். கொண்டை, தாடி, அலகு, கால் பட்டால்தான் சுரீர் என்னும். ஆகவே மின்வேலியை, கோழியை உள்ளே வைக்கும் வேலி என்று எண்ணி வாங்காதீர்கள். வெளியே இருப்பதை வெளியிலேயே வைப்பதுதான் அதன் வேலை. சிறுவிடை நான்கடி வலையை ஒரே தாவலில் தாண்டும். ஒரு பக்கச் சிறகின் நுனி இறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் பறக்கும்போது சமநிலை தவறி இறங்கிவிடும். இரண்டு பக்கமும் வெட்டினால் அந்தப் பலன் கிடைக்காது. இறகு உதிர்த்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும். ரத்தம் ஓடும் இளம் குருத்து இறகில் கத்தரி வைக்கக்கூடாது.

பெட்டி வாங்கும்போது

அட்டையில் "10 கிலோமீட்டர்", "20 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு புல்லே இல்லாத ஒற்றைக் கம்பிக்கானது. அதை விட்டுவிட்டு ஜூலைக் கேளுங்கள். அதிலும் இரண்டு கணக்கு உண்டு. பெட்டிக்குள் சேமிக்கும் ஜூல் ஒன்று, கம்பிக்கு வெளியே வரும் ஜூல் வேறு. வெளியே வருவது எப்போதும் குறைவு. விற்பவர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். வெளியே வரும் ஜூலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சும்மா விட்ட பெட்டி மீட்டரில் 9,000 வோல்ட் காட்டும், எல்லாப் பெட்டியும் காட்டும். 500 ஓம் சுமையைக் கட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 4,000க்கு மேல் நின்றால் எடுக்கலாம். 3,000க்குக் கீழே சரிந்தால், புல் நனைந்த இரவில் அந்தப் பெட்டி வேலிக்கு அலங்காரம் மட்டுமே. நாய்க்கும் நரிக்கும் ரோமம் தாண்டி உறைக்க வேலியின் கடைசி முனையில் 4,000 வோல்டாவது வேண்டும். 5,000 இருந்தால் நிம்மதி.

ஒரு ஏக்கர் மேய்ச்சலுக்கு மூன்று வரிசை என்றால் வெளியே வரும் ஜூல் 1 முதல் 2 போதும். 5 ஜூல் பெட்டி வாங்கி மாட்டுவதால் கீரி கூடுதலாகப் பயப்படப் போவதில்லை. பேட்டரியும் பேனலும்தான் பெரிதாகும். ஒரே வேலியில் இரண்டு பெட்டி மாட்டுவது கூடவே கூடாது. துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, தொட்ட ஆள் கையை எடுக்க வேண்டிய அந்த ஒரு விநாடி ஓய்வு போய்விடும்.

செட்டோடு வரும் சைரன் பற்றி ஒரு வார்த்தை. வோல்டேஜ் இறங்கினால் அலறும்படி வைத்திருப்பார்கள். யானை, பன்றி வேலிக்கு அது நல்ல யோசனை. கோழி வேலியில் அடிக்கம்பி தரைக்கு நான்கு அங்குலம் மேலே ஓடுகிறது. பனி விழுந்த அருகம்புல் தொட்டாலே ராத்திரி முழுக்க அலறும். மூன்றாவது நாள் யாராவது அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் காசுக்கு டிஜிட்டல் வேலி மீட்டர் ஒன்று வாங்குவது மேல். சாதாரண மல்டிமீட்டரை வேலியில் வைக்காதீர்கள். இந்த அழுத்தத்துக்குச் செய்தது அல்ல அது, கெட்டுவிடும்.

எர்த்: பாதி வேலி மண்ணுக்குள்தான்

பல செட்டுகளில் மூன்றடி ராடு ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். ஐப்பசி மழையில் பொருத்திக் காட்டும்போது பிரமாதமாக அடிக்கும். பங்குனியில் அதே வேலியைக் கன்றுக்குட்டி உரசிக்கொண்டு நிற்கும். செம்மண்ணும் சரளையும் காய்ந்தால் மின்சாரம் ஓடாது, அவ்வளவுதான் விஷயம்.

குறைந்தது மூன்று ராடு, ஒவ்வொன்றும் ஆறடி, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி அடிக்க வேண்டும். ஜி.ஐ. ராடு, அல்லது தடித்த ஜி.ஐ. குழாய். நெருக்கி அடித்தால் மூன்றும் சேர்ந்து ஒரு ராடின் வேலையைத்தான் செய்யும். மூன்றையும் ஒரே கம்பியால், வெட்டாமல், கிளாம்ப் போட்டு இணைக்க வேண்டும். முறுக்கிவிட்ட இணைப்பு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். ராடு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. தண்ணீர்த் தொட்டி வழிகிற இடம், குளியல் தண்ணீர் போகும் வாழையடி, மர நிழல் என்று ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து அங்கே அடித்து, கம்பி இழுத்து வரலாம். சொட்டுநீர்ப் பாசனம் இருந்தால் ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு சொட்டுவானைச் செருகிவிடுங்கள். கோடை முழுக்க அதைவிட எளிய வைத்தியம் இல்லை. உப்பும் கரியும் போட்டுக் குழி நிரப்பும் வழக்கம் இருக்கிறது. உடனே பலன் தரும், ஆனால் உப்பு ராடைச் சீக்கிரம் அரித்துவிடும்.

வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். போர்வெல் குழாயில் கட்டினால் ஆழமான எர்த் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் கட்டுகிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடும்போதும் குழாயைத் திருகும்போதும் விநாடிக்கு ஒரு முறை சுருக்கென்று குத்துவது அதன் பலன். அதைச் செய்யாதீர்கள்.

எர்த் போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும். பெட்டியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, பெட்டியை நிறுத்திவிட்டு, நாலைந்து இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து மின்கம்பிமேல் சாய்த்து வையுங்கள். பெட்டியைப் போட்டு வேலியின் அழுத்தத்தை அளந்தால் 2,000 வோல்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் இரண்டு கம்பி சேருங்கள். இப்போது மீட்டரின் ஒரு முனையைக் கடைசி எர்த் ராடிலும், மறுமுனையை அதற்கு ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய சிறு கம்பியிலும் வையுங்கள். 300 வோல்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அதற்கு மேலே போனால் இன்னொரு ராடு அடித்து மறுபடி அளக்க வேண்டும். இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்யுங்கள், மழை பெய்த மறுநாள் எல்லா எர்த்தும் தேர்ச்சி பெறும்.

பாறைக் காட்டில் ஆறடி ராடு இறங்காது. அங்கே வேறு வழி இருக்கிறது. செயின் லிங்க் வேலியின் வெளிப்பக்கம், இரண்டடி அகல ஜி.ஐ. கோழி வலையைத் தரையோடு தரையாக விரித்து, ஓரத்தில் கல் வைத்து அமுக்கி, அதை எர்த் முனையோடு இணைத்துவிட வேண்டும். வேலியை நெருங்கும் நாயோ கீரியோ அந்த வலைமேல்தான் நின்றாக வேண்டும். மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் காலுக்கடியில் எர்த் தயாராக இருக்கிறது. கூடவே இன்னொரு லாபம், அடியில் பறித்துக்கொண்டு வரும் பெருச்சாளிக்கும் நாய்க்கும் அது தடை. சுற்றிலும் விரிக்கச் செலவு அதிகம்தான். ஓடையோரம், மூலைகள், கேட்டின் இருபுறம், பழைய கால்தடம் தெரியும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் விரித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். செயின் லிங்க் வலையையும் மறக்காமல் எர்த்தோடு இணையுங்கள். காரணம், மேல் கம்பியைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

கம்பி எந்த உயரத்தில்

முதல் கம்பி தரையிலிருந்து 10 செ.மீ., செயின் லிங்கிலிருந்து 12 முதல் 15 செ.மீ. வெளியே தள்ளி. கீரி, உடும்பு, மரநாய் எல்லாம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டுதான் வருகின்றன. ரோமம் இல்லாத ஈர மூக்கு கம்பியில் பட வேண்டும். உடம்பு பட்டால் கீரியின் முரட்டு ரோமம் பாதி அடியைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது கம்பி 25 முதல் 30 செ.மீ. தெருநாயும் நரியும் மோந்து பார்க்கும் உயரம் அது. மூன்றாவது, வலையின் உச்சிக்கு 10 செ.மீ. மேலே, வெளிப்பக்கம் சாய்ந்து. காட்டுப்பூனையும் மரநாயும் வலையைப் பற்றி ஏறிவிடும், தரையில் கால் இருக்காது. வலையே எர்த்தில் இணைந்திருந்தால், உச்சியில் மூக்கு பட்டவுடன் வட்டம் முடிகிறது. இணைக்காமல் விட்டால் மேல் கம்பி சும்மா ஓடுகிற கம்பிதான்.

வலையும் மின்கம்பியும் ஒட்டினால் அத்தனையும் போச்சு. அதனால் கம்பியை வலையிலிருந்து தள்ளிப் பிடிக்கும் நீண்ட கை இன்சுலேட்டர்தான் வேண்டும். பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய ஹோஸ் பைப் ஆகியவற்றை இன்சுலேட்டராக வைப்பவர்கள் மிச்சம் பிடிக்கும் காசு, வெயிலில் அவை வெடித்த பிறகு கசிவைத் தேடி அலைவதில் கரைந்துவிடும்.

ஒரு ஏக்கருக்கு அளவு இதோ. சதுரமான நிலம் என்றால் சுற்றளவு சுமார் 255 மீட்டர். மூன்று வரிசைக்கு 765 மீட்டர் கம்பி. 2.5 மி.மீ. ஜி.ஐ. உயர் இழுவைக் கம்பி மீட்டருக்கு 38 கிராம் சொச்சம் எடை, ஆக 30 கிலோ. முடிச்சுக்கும் கழிவுக்கும் சேர்த்து 32 கிலோ வாங்கலாம். மூன்று மீட்டருக்கு ஒரு கால் என்றால் 85 கால், அதற்கு 255 இன்சுலேட்டர். கால் இடைவெளியை ஐந்து மீட்டராக்கினால் பணம் மிச்சம், ஆனால் தரை மேடு பள்ளமான இடத்தில் அடிக்கம்பி ஒரு பக்கம் புல்லில் புதையும், மறு பக்கம் அரையடி தூக்கி நிற்கும். அந்த அரையடியைக் கீரி கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகாது.

முள்கம்பியில் மின்சாரம் விடக்கூடாது. மாட்டிக்கொண்ட உயிர் விடுபட முடியாமல் அடி வாங்கிக்கொண்டே கிடக்கும். தரவிதியும் தடுக்கிறது.

கேட்டை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். கேட்டுக்குக் கீழே மின்சாரம் கிடையாது, எனவே கேட்டடியில் சிமென்ட் படி ஒன்று கட்டி, இடைவெளி இரண்டு விரல் அளவுக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மின்சாரத்தைக் கடத்த மண்ணுக்கடியில் கேபிள் போக வேண்டும். இங்கேதான் அதிகம் நடக்கும் தவறு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. ஒயரைக் குழாயில் நுழைத்துப் புதைத்துவிடுகிறார்கள். அந்த ஒயரின் உறை 1,100 வோல்டுக்குச் செய்தது. 8,000 வோல்ட் துடிப்பு அதைத் துளைத்துக்கொண்டு ஈர மண்ணில் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது, வேலி மட்டும் செத்துக் கிடக்கும். மின்வேலிக்கென்று விற்கும் இரட்டை உறைக் கேபிள்தான் போட வேண்டும். விலை கசக்கும், ஆனால் தேவைப்படுவது பத்து மீட்டர்தான்.

சுருட்டு மின்வலை

50 மீட்டர் நீளம், உயரம் 106 அல்லது 112 செ.மீ., கால்கள் கூடவே கோத்திருக்கும். கிடைமட்ட இழைகள் பிளாஸ்டிக் நூலில் மெல்லிய ஸ்டீல் கம்பி பின்னியவை. தரையைத் தொடும் அடி இழையில் மட்டும் மின்சாரம் இருக்காது. அடியில் கண்கள் சிறிதாக, மேலே போகப் போகப் பெரிதாக இருக்கும். ஓர் ஆள் கால் மணி நேரத்தில் நட்டுவிடலாம். இந்த வசதிக்குத்தான் விலை. மீட்டருக்கு மீட்டர் கணக்குப் போட்டால் மூன்று வரிசைக் கம்பியைவிடப் பல மடங்கு.

ஒரு வலையைச் சதுரமாக நட்டால் உள்ளே கிடைப்பது 156 சதுர மீட்டர், அதாவது நான்கு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வலையைச் சேர்த்து நட்டால் எட்டு சென்ட் என்று நினைக்க வேண்டாம், பதினைந்து சென்ட் கிடைக்கும். பரப்பு சுற்றளவைப் போல இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. அதனால் வாங்கினால் இரண்டாக வாங்குவது லாபம். ஐரோப்பிய மேய்ச்சல் முட்டை விதிப்படி ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் வெளியிடம் வேண்டும். அந்தக் கணக்கில் ஒற்றை வலைக்குள் 39 கோழி. இடம் மாற்றி மேய்க்கத்தான் இந்த வலை, ஒரே இடத்தில் விட்டால் நம்மூர்க் கோழி அத்தனையையும் கிளறி மொட்டைத் தரையாக்கிவிடும்.

மின்சாரத்தின் கண்ணில் இது 50 மீட்டர் வேலி அல்ல. பதினோரு இழை ஓடினால் 550 மீட்டர் கம்பி, அதுவும் பாதி இழை புல்லுக்குள். வலைக்கு அரை ஜூல் வீதம் வெளியே வரும் பெட்டி வேண்டும். "நான்கு வலை வரை" என்று எழுதிய சின்னப் பெட்டியை நம்பி இரண்டு வலை மாட்டினாலே மூச்சு வாங்கும்.

நம்மூரில் இதன் முதல் எதிரி மண். காலின் அடியில் இருக்கும் ஒரு சாண் முள் கோடைச் செம்மண்ணில் இறங்காது. மிதித்தால் வளையும், இன்னும் அழுத்தினால் கால் ஒடியும். முதல் நாள் மாலை நடவு வரியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், அல்லது கடப்பாரை முனையால் துளையிட்டு நடலாம். கரிசலில் இறங்கும், ஆனால் மழையில் கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாயும். மூலைக் கால்களுக்குக் கயிறு கட்டி முளையடித்தால்தான் நடுவில் வலை தொய்யாது. ஆடிக்காற்று வீசும் கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சிப் பக்கம் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சு வலைக்கண்ணில் நுழைந்து வெளியே போய்விடும். தாய்க்கோழி உள்ளே கத்தும், குஞ்சு வெளியே கத்தும், மேலே பருந்து கேட்டுக்கொண்டிருக்கும். குஞ்சுக்கு இந்த வலை ஆகாது.

பெட்டியை நிறுத்திவிட்டு வலையை மட்டும் நட்டு வைக்கும் பழக்கம் கெட்டது. மின்சாரம் இல்லாத வலையில் பாம்பும் உடும்பும் தவளையும் சிக்கிக்கொள்ளும், ஆட்டுக் கொம்பும் மாட்டும். பயன்படுத்தாத வலை சுருட்டிக் கட்டி உத்தரத்தில் தொங்க வேண்டும். தரையில் வைத்தால் எலி கத்தரித்துவிடும்.

புல், எறும்பு, செம்பு

வேலிக்கடியில் ஓர் அடி அகலத்துக்குப் புல் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. புல் வெட்டும் மெஷினை வலைக்கு அருகே கொண்டுபோனால் இழையையும் சேர்த்து வெட்டும், அங்கே களைக்கொத்திதான். களை மறைப்பு ஷீட் விரிக்கலாம், ஆனால் அதுவே பிளாஸ்டிக், மிருகம் அதன்மேல் நின்றால் எர்த் கிடைக்காது. பொருத்தமானது முன்னே சொன்ன ஜி.ஐ. வலை விரிப்புதான்.

செம்புக் கம்பியையும் ஜி.ஐ. கம்பியையும் நேராக முறுக்காதீர்கள். ஈரம் பட்டால் அந்த இடத்தில் ஜி.ஐ. கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். பெட்டிக்குள் எறும்பு குடியேறும். பல்லி நுழைந்து சர்க்யூட் போர்டில் கருகிக் கிடக்கும். கேபிள் நுழையும் ஓட்டையை ரப்பர் அல்லது சிலிக்கான் வைத்து அடைப்பது இரண்டு நிமிட வேலை.

அழுத்தம் குறைந்தால் தேடும் வரிசை இது. வேலியைக் கழற்றிப் பெட்டியை மட்டும் அளந்து பாருங்கள். பெட்டி சரியென்றால் எர்த். எர்த்தும் சரியென்றால் வேலியைப் பாதியில் வெட்டும் சுவிட்சைத் திறந்து எந்தப் பாதியில் கசிவு என்று பாருங்கள், பிறகு அந்தப் பாதியில் பாதி. சுவிட்ச் வைக்காமல் கட்டிய வேலியில் முழுச் சுற்றும் நடக்க வேண்டியதுதான், ஆகவே கட்டும்போதே இரண்டு மூன்று வைத்துவிடுங்கள். ராத்திரி இருட்டில் நடந்தால் உடைந்த இன்சுலேட்டரில் நீலப்பொறி தெரியும், டக் டக் என்று சத்தமும் வரும். பழைய மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பிவைத்துக் கையில் எடுத்துப் போனாலும் கசிவுள்ள இடத்தில் துடிப்பு உரக்கக் கேட்கும்.

பேட்டரிக் கணக்கு எளிது. விநாடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். பெட்டியின் இழப்பையும் சேர்த்து ஒன்றரை வாட். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 36 வாட் மணி, 12 வோல்ட் பேட்டரியில் 3 ஆம்பியர் மணி. ஐந்து நாள் வெயில் இல்லாமல் ஐப்பசி அடைமழை பிடித்தால் 15. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக 30 ஆம்பியர் மணி. பேனல் 20 வாட், தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில். செட்டில் 7 ஆம்பியர் மணி பேட்டரி தந்தால் அது வெயில் காலத்துக்கான செட். நின்ற பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்தது, 12.2 பாதி. பேனல்மேல் கோழி ஏறி உட்காராத உயரத்தில் வையுங்கள். எச்சம் மூடிய பேனல் சார்ஜ் ஏற்றாது.

சட்டமும் ஆபத்தும்

மின்வாரிய இணைப்பிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலிக்குக் கொடுப்பது கொலைக் குற்றத்துக்கு வழி. அது துடிப்பு அல்ல, நிற்காத மின்சாரம், தொட்ட கை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட வேலியில்தான். அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காடுகளுக்கு அருகே இருப்பவர்கள் வேலி போடும் முன் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், இருக்கும் வேலியைப் பதிவுசெய்ய வேண்டும், பெட்டி மேலே சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் அந்த எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். பில்லில் எழுதி வாங்குவதும் நல்லது.

வெளிநாட்டுப் பண்ணைகளில், மிருகம் மூக்கை வைத்துப் பார்க்கட்டும் என்று மின்கம்பியில் தீனி தடவுவார்கள். இங்கே கருவாட்டுத் தலையைக் கட்டச் சொல்லும் யோசனை சுற்றுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, காட்டு விலங்குக்கு இரை வைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. அது போக, இல்லாத மரநாயையும் கருவாடு கூப்பிட்டு வரும்.

பாதையோரம் எச்சரிக்கைப் பலகை வேண்டும், தமிழில். பேஸ்மேக்கர் வைத்தவர் வேலியை நெருங்கக் கூடாது. தவழும் குழந்தை தலையைக் கொடுக்கும் உயரத்தில்தான் அடிக்கம்பி ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். வீடு இருக்கும் பக்கம் குழந்தை எட்டும் இடத்தில் கம்பி வராதபடி கட்டுங்கள்.

எதை நிறுத்தாது

பருந்தையும் வைரியையும் நிறுத்தாது. குஞ்சுத் திடலுக்கு மேல் வலை, மேய்ச்சலில் அகத்தி, முருங்கை நிழல்தான் அதற்கு வழி. சாரைப்பாம்பும் நல்லபாம்பும் அடிக்கம்பிக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போகும். முட்டையிடும் இடத்துக்கும் அடைக்கூண்டுக்கும் அரை அங்குலக் கண் வலை தனியாக வேண்டும். வேலிக்கு மேல் வளைந்த மரக்கிளை வழியாக மரநாய் இறங்கும், ஆறடிக்குள் இருக்கும் கிளையை வெட்டுங்கள். கோழியை ராத்திரி வெளியே விட்டுவிட்டு மின்வேலி இருக்கிறதே என்று தூங்குவதும் சரிப்படாது. பொழுது சாய்ந்ததும் கூண்டில் அடைத்துத்தான் ஆக வேண்டும். முதல் கோழியைத் தின்று ருசி கண்ட நாய், ஷாக் வாங்கியும் ஒரே பாய்ச்சலில் உள்ளே விழுவதுண்டு. அதனால் வேலியைக் கோழி இறக்குவதற்கு முன்பே போட்டு, இரண்டு வாரமாவது ஓட விடுங்கள். வெறும் இடத்தை மோந்து பார்த்து அடி வாங்கிய மிருகம் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகும்.

கடைசியாக, சர்வீஸ். கோடை மழையின் முதல் இடியில் போர்டு போகும் பெட்டிகள் ஏராளம். பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே இடிதாங்கிக் கருவி செட்டில் உண்டா என்று பாருங்கள், அதற்குத் தனி எர்த் ராடு வேண்டும். வானம் கறுத்தால் வேலிக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது அதைவிட உறுதி. வாங்கும்போது விற்பவரிடம் உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதோடு, ரிப்பேருக்குப் பெட்டி போனால் கைமாற்றாக ஒரு பெட்டி தருவாரா என்றும் கேளுங்கள். தர மாட்டார் என்றால் அரை ஜூல் பெட்டி ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வேலி செத்துப் பத்து நாள் ஆனால், அது பக்கத்துத் தெரு நாய்க்குத் தெரிந்துவிடும்.